பகான் கல்லும் பர்மிய எழுத்தும்: பர்மாத் தமிழர் எதை நினைத்துப் பெருமைப்படுவது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் பெகு பக்கம் ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறீர்கள். டீக்கடையில் ஒரு பர்மிய நண்பர், "உங்க ஆளுங்க வெள்ளைக்காரன் கப்பல்ல கூலியா வந்தாங்க, இல்லன்னா வட்டிக்கு விட வந்தாங்க. உங்க நாகரிகம் இந்த நாட்டுக்கு என்ன குடுத்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். உங்களுக்குப் பதில் வரவில்லை. பேஸ்புக்கில் தேடியபோது, ராஜேந்திர சோழன் பர்மாவை ஆண்டான், பர்மியருக்கு நாகரிகமே நாம் கொடுத்ததுதான், அந்தக் காலத்திலேயே விமானம் விட்டோம் என்று வரிசையாக வந்திருக்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, எதை நம்பிப் பெருமைப்படுவது என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகப் பெருமைப்படுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். ஆனால் பேஸ்புக்கில் வந்ததில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உண்மையில் இருப்பது அதைவிடப் பெரிது.

முதலில், "வெள்ளைக்காரன் கப்பலில் வந்தவர்கள்" என்ற பேச்சு. பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்குத் தெற்கே மியின்பகானில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அதைப் படித்து வெளியிட்டுவிட்டார்கள். எழுத்தமைதியை வைத்து 13-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம் இருக்கிறது. முகுந்தமாலை என்ற பெருமாள் துதிநூலில் வருவது. அறம், பொருள், இன்பம் எதிலும் எனக்கு நாட்டமில்லை, எத்தனை பிறவி எடுத்தாலும் உன் திருவடியில் பக்தி மட்டும் அசையாமல் இருக்கட்டும் என்று கேட்கிற பாட்டு. அதற்குக் கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதையர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்கிற ஊரில் உள்ள நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்று சொல்கிறார். அவ்வளவுதான் கல்வெட்டு.

அந்தச் சில வரிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். புக்கம் என்பது பகான். மகோதையர் பட்டினம் இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். நானாதேசிகள் என்பவர்கள் நாடு நாடாகப் போய்ப் பண்டம் விற்ற வணிகக் கூட்டத்தார். விண்ணகர் என்றால் பெருமாள் கோயில். குலசேகர நம்பி அங்கே போவதற்கு முன்பே கோயில் இருந்திருக்கிறது; அவர் மண்டபம்தான் சேர்த்திருக்கிறார். ஆக, வந்து போகிறவர்களுக்கு ஒரு கோயிலே தேவைப்படுகிற அளவுக்கு அங்கே நம் பக்கத்து ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஊரோ புத்த மன்னர்களின் தலைநகரம். அதன் நடுவில் வெளியூர் வணிகர்கள் பெருமாளுக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை. ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தது 1852-ல். இந்தக் கல் அதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் மூத்தது.

இது தனிக்கல்லும் அல்ல. தாய்லாந்தில் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சுமத்ராவில் பாரூஸில் 1088-ஆம் ஆண்டின் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டு, சீனத்தில் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு என்று கடலோரமாகவே ஒரு வரிசை போகிறது. பகான் கல்லும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். பகானுக்குப் போனால் நட்லவுங் சௌங் கோயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே இன்றும் நிற்கிற விஷ்ணு கோயில் அது. வெளிச்சுவர் மாடங்களில் அவதாரங்களை வைத்திருக்கிறார்கள். புத்தரும் அதில் ஒருவர்.

அடுத்தது எழுத்து. உங்கள் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் பிள்ளைகள் எல்லாரும் பர்மியப் பள்ளியில் படிக்கிறவர்கள், க-ஜீ, க-க்வே, க-ங்கே என்று பர்மிய எழுத்துகளின் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கரும்பலகையில் பர்மிய அட்டவணையை முழுதாக எழுதுங்கள். பக்கத்தில் நம் க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. ஒவ்வொரு வரிசையின் முதல் எழுத்தையும் கடைசி மெல்லெழுத்தையும் மட்டும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் போகும்.

இந்த வரிசை யாரோ மனம்போனபடி அடுக்கியது இல்லை. க அடிநாக்கில் பிறக்கிறது, ச இடைநாக்கில், ட நாக்கு நுனி மேலே மடங்கும்போது, த பல்லின் அடியில், ப உதட்டில். தொண்டைப் பக்கமிருந்து உதட்டுக்கு வருகிற வழி அது. ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக மூக்கொலி. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. வடமொழியில் பிராதிசாக்கியங்கள் என்ற வேத ஒலியிலக்கண நூல்கள் அதே வேலையைச் செய்தன. ஆங்கில ஏ, பி, சி, டி வரிசைக்கு இப்படி ஒரு காரணம் கிடையாது. வாய்க்குள் நடப்பதைக் கருவி ஏதும் இல்லாமல் கவனித்து, வகைப்படுத்தி, குழந்தைகள் மனப்பாடம் செய்கிற பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள் என்பது இந்தியத் துணைக்கண்டம் உலகுக்குக் கொடுத்த மிகப்பெரிய அறிவுச் செல்வங்களில் ஒன்று. என்னைக் கேட்டால் பூஜ்யத்துக்குச் சமமாக இதையும் வைப்பேன்.

பர்மிய எழுத்து, பர்மாவின் பழைய மக்களான மோன், பியூ இனத்தாரின் எழுத்துகள் வழியாகத் தென்னிந்தியப் பிராமியோடு உறவுள்ளது. பல்லவர், கதம்பர் கால எழுத்துகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். பியூக்களின் பழைய நகரமான ஸ்ரீக்ஷேத்திரத்தில் கிடைத்த பொன்தகடுகளில் பாலி மொழி அந்த மாதிரி எழுத்தில்தான் இருக்கிறது. பர்மியப் பேச்சில் ட-வரிசைக்குத் தனி ஒலி கிடையாது, த மாதிரியே உச்சரிக்கிறார்கள். இருந்தாலும் அந்த வரிசையை விடாமல் வைத்திருக்கிறார்கள். காரணம், பாலிச் சொற்களைப் பிழையில்லாமல் எழுத அது வேண்டும். தன் வாய்க்குத் தேவையில்லாத எழுத்தையும் இத்தனை நூற்றாண்டாக ஒரு சமூகம் பாதுகாத்தது என்றால் அது வாங்கிய அறிவுக்கு அவர்கள் காட்டிய மரியாதை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப் போவது நம்மவரில் பலருக்குத் தெரியாது, பர்மியப் பிக்குகளுக்கு நன்றாகத் தெரியும்.

பர்மிய மடங்களில் அபிதம்மம் என்ற பௌத்தத் தத்துவப் பகுதியைப் படிக்கிறவர்களுக்கு லெத்தான் என்று ஒரு தொகுதி உண்டு. சுண்டுவிரல் நூல்கள் என்பார்கள். ஒன்பது சிறு நூல்கள். அதில் அபிதம்மாவதாரம், ரூபாரூபவிபாகம் இரண்டும் எழுதியவர் புத்ததத்தர். அவர் உறையூர்க்காரர். அபிதம்மாவதாரத்தின் முடிவில் காவிரிப்பட்டினத்தை வர்ணிக்கிறார். விநயவினிச்சயம் என்ற இன்னொரு நூலைக் காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்து எழுதினேன் என்கிறார். அப்போது களப்பிர அரசன் ஆண்டான் என்றும் குறிக்கிறார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அதே தொகுதியில் இருக்கும் பரமத்தவினிச்சயத்தின் ஆசிரியர் அநுருத்தர், தாம் காவிரி என்ற பட்டினத்தில் பிறந்தவர் என்று நூல் முடிவில் சொல்கிறார். அநுருத்தர் பெயரில் உள்ள அபிதம்மத்தசங்கஹம்தான் பர்மியர்கள் திங்ஜோ என்று சொல்லும் அடிப்படைப் பாடநூல். அதே தொகுதியின் மோகவிச்சேதனி எழுதிய காசியபர் சோழநாட்டுத் தேரர். காஞ்சிபுரத்தில் தங்கியதைப் பாலி உரையாசிரியர் புத்தகோசரும் தம் உரையில் குறிப்பிடுகிறார்.

டீக்கடை நண்பர் சின்ன வயதில் மடத்தில் சின்பியூ என்ற துறவுச் சடங்கு செய்து கோயினாக, அதாவது இளந்துறவியாக, இருந்திருப்பார். அவருக்குப் பாடம் சொன்ன சயாடோ, அதாவது மூத்த பிக்கு, உறையூர்க்காரரும் காவிரிப்பட்டினத்துக்காரரும் எழுதியதைப் படித்துத் தேர்ந்தவர். இதை அவரிடம் சொல்லிக்காட்டுகிற தொனியில் சொல்ல வேண்டாம், சந்தோஷமாகச் சொல்லுங்கள். அவரும் சந்தோஷப்படுவார்.

ஏன் இந்தத் தொனி பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்துபோயிற்று. விகாரைகள் போயின. மணிமேகலையும் வீரசோழியமும் பிழைத்தன. குண்டலகேசியில் சில பாட்டுகள்தான் மிச்சம். காவிரிக்கரையில் நம்மவர் பாலியில் எழுதிய நூல்கள் இன்று கையில் இருக்கின்றன என்றால், இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் தலைமுறை தலைமுறையாக ஓலையில் பிரதி எடுத்ததால்தான். நம் வீட்டு நகையை நாம் தொலைத்தோம், பக்கத்து வீட்டுக்காரர் அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். மாண்டலேயில் மின்டோன் மன்னர் 1860-களில் 729 சலவைக்கல் பலகைகளில் பௌத்த மறைநூலான திரிபிடகம் முழுவதையும் வெட்டிவைத்தார். இந்தியாவில் பிறந்த நூல் அது. முழுதாகக் கல்லில் ஏறியது இங்கேதான்.

புத்தகயாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகானை ஆண்ட கியான்சித்தா மன்னரின் கல்வெட்டு ஒன்று அந்தக் கோயிலைப் பழுதுபார்க்க ஆளும் பொருளும் அனுப்பியதைச் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பர்மியர் மறுபடியும் போய்ப் புதுப்பித்த கல்வெட்டு புத்தகயாவிலேயே இருக்கிறது. 1870-களில் மின்டோனின் ஆட்கள் போனார்கள்; அதற்குப் பிறகுதான் ஆங்கிலேய அரசு அந்த இடத்தைக் கவனிக்கத் தொடங்கியது. இந்தியா மறந்து கிடந்த இடத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் இவர்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, பெகுவில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பிக்குகளுக்குத் துறவு கொடுக்கும் மண்டபமான கல்யாணி சீமையில் தம்மசேதி மன்னர் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்த பாலி, மோன் கல்வெட்டுகள். இலங்கைக்குப் போய்த் திரும்பிய பிக்குகளின் கப்பல் உடைந்து, அவர்கள் கரையேறி, நடந்தே நாகப்பட்டினம் வந்து, பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்து, அங்கே இருந்த புத்தர் உருவத்தை வணங்கிய செய்தி அதில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தது நமக்குத் தெரியும். அதற்கு ஏறத்தாழ 470 ஆண்டுகள் கழித்தும் அந்த ஊரில் பௌத்தம் இருந்ததற்கு பெகுக் கல்வெட்டு சாட்சி. தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தை பெகுவில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

திஞ்ஜான் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மியப் புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றும் ஏப்ரல் நடுவில் ஒட்டி ஒட்டி வருவது தற்செயல் இல்லை. சூரியன் மேஷத்தில் நுழைவதைக் கணக்கிடுகிற பழைய சூரிய சித்தாந்த முறையிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில் மக்கள் தங்கள் கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அங்கே புதன்கிழமை பிற்பகலுக்கு ராகு இருக்கிறார். நவக்கிரகம் சுற்றிப் பழகிய நம் பாட்டிகளுக்கு அந்த இடம் அந்நியமாகவே இருந்ததில்லை.

சரி, இனி பேஸ்புக் விஷயம்.

ராஜேந்திரன் பர்மாவை ஆண்டதாகச் சொல்வதற்கு வேர் எங்கே என்றால், 1025 வாக்கில் அவன் கடாரம் வென்றதைப் பாடும் மெய்க்கீர்த்திதான், அதாவது கல்வெட்டில் வரும் அரசப் புகழுரைதான். கடாரம் எது என்று தெரியாத காலத்தில் சிலர் அதை பெகு என்று எழுதினார்கள். பிறகு அது மலாய் நாட்டுக் கெடா என்று தெளிவாகிவிட்டது. திருத்தப்பட்ட தப்பை நூறு ஆண்டு கழித்து நாம் பரப்ப வேண்டாம். ராஜேந்திரனுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வங்கக் கடலைத் தாண்டிப் படை நடத்தினானே, அதுவே போதும்.

பறக்கும் விமானம் பற்றிப் பழைய நூல் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1974-ல் அதைச் சோதித்து, அதில் சொல்லியிருக்கிற எதுவும் பறக்காது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். இந்த மாதிரிப் பொய்யால் நடக்கிற கெடுதல் பெரிது. பிள்ளை பெரியவனாகி ஒன்று பொய் என்று கண்டுபிடித்தால், ஆரியபட்டர் பூமி தன் அச்சில் சுழல்கிறது என்று 499-ல் எழுதியதையும் சேர்த்தே சந்தேகப்படுவான். மெய்யான சாதனை பொய்யோடு சேர்ந்து மூழ்கிவிடும்.

"எல்லாம் நாம் கொடுத்தது" என்பது மூன்றாவது. இது விமானத்தைவிட மோசம். ஏனென்றால் பாதி உண்மை. ராமாயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பர்மிய அரசவையில் அது பெரிதாக ஆடப்பட்டது 1767-ல் அயுத்தயாவை வென்று அங்கிருந்து கலைஞர்களைக் கொண்டுவந்த பிறகு. அதாவது நம் கதை தாய்லாந்து சுற்றி, அவர்கள் உடையும் இசையும் ஏறி, இங்கே வந்து பர்மியமாக மாறியது. வாங்கியவர்கள் சும்மா வாங்கவில்லை. தேர்ந்தெடுத்தார்கள், மாற்றினார்கள், தங்கள் மூளையையும் கையையும் சேர்த்தார்கள். பகானின் செங்கல் வளைவுகளைப் பாருங்கள், அந்த அளவில் அப்படிக் கட்டியது அவர்கள் திறமை. என் பெருமையே இங்கேதான் இருக்கிறது: எந்தப் படையும் வந்து இந்த எழுத்தைக் கற்கச் சொல்லி இவர்களை அடிக்கவில்லை. நல்லது என்று பார்த்து அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாகரிகத்துக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

கடைசியாக, கூலி, வட்டி என்ற பேச்சுக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

வட்டி விஷயத்தில் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செட்டியார் பணம் இல்லாமல் ஐராவதி டெல்டா உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்கிற பூமியாக ஆகியிருக்காது, அதுவும் உண்மை. ஆனால் 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்தபோது அடமான நிலமெல்லாம் கைமாறியது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தின் கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. அவர்கள் அதை விரும்பிக் கேட்கவில்லை, பணம்தான் கேட்டார்கள் என்பது வரலாறு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் எதற்கு உதவும்? அந்த வலியை மறைத்துவிட்டு நாகரிகப் பெருமை பேசினால் எதிரில் இருப்பவர் காது கொடுக்க மாட்டார். ஒத்துக்கொண்டு பேசுங்கள்.

கூலி என்பதில் தலைகுனிய எதுவுமே இல்லை. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி மில்லில் தூசி தின்றவர்கள், ரயில் பாதை போட்டவர்கள், சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள். அவர்கள் கையில் காசு இல்லை, பலருக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் ரங்கூன் காளி கோயில் 1871-லேயே எழுந்தது. ஊர் ஊராக மாரியம்மனும் முனீஸ்வரனும் வந்தார்கள். 1941-42-ல் ஜப்பான் குண்டு விழுந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டுவழியே அசாமுக்கும் அரக்கானுக்கும் நடந்தார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். 1964-க்குப் பிறகு கடை, நிலம் எல்லாம் அரசுடைமையாகி சுமார் 3 லட்சம் பேர் கப்பலேறினார்கள். பள்ளிக்கூடங்களும் போயின. மிஞ்சியவர்கள் கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற வகுப்பு அதன் தொடர்ச்சி. குலசேகர நம்பி வைத்த மண்டபத்துக்கு எவ்வளவு மதிப்போ அந்தத் திண்ணைக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். எழுத்து அட்டவணையிலிருந்து தொடங்குங்கள், அதற்குச் செலவே இல்லை, பிள்ளைகளுக்கு அன்றைக்கே புரிந்துவிடும். அடுத்த வாரம் கல்யாணி சீமைக்குக் கூட்டிப் போங்கள், பெகுவிலேயே இருக்கிறது. டீக்கடை நண்பரையும் அழைத்துக்கொண்டு போனால் நல்லது. அந்த இடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லட்டும், நாகப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.